அந்தக் 'கே' எந்தக் கே?

எங்கள் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், தூளைச் சலித்துத் தரம் பிரித்து மூட்டை கட்டும் இடத்தில் போய் நின்றால், முதலில் கண்ணில் படுவது எழுத்துகள்தான். அவற்றில் ஒரு தரத்தின் பெயர் எப்.பி.ஓ.பி.எப். விரித்துச் சொன்னால் ப்ளவரி புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ பேனிங்ஸ். முதலில் வரும் எப், இளம் மொட்டுகள் கலந்திருப்பதைச் சொல்கிறது. கடைசியில் வரும் எப், சல்லடையில் கீழே இறங்கும் சிறு துகளைச் சொல்கிறது. ஒரே பெயருக்குள் ஒரே எழுத்துக்கு இரண்டு வேலை. ஸ்டோரில் வேலை செய்யும் யாரும் இதில் தடுமாறுவதில்லை. எழுத்து நிற்கும் இடத்தை வைத்தே அது என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வருகிறவர்களில் அனேகர் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் வளர்பவர்கள். அவர்கள் கணக்கில் பலவீனம் என்று பெற்றோரும் சொல்வார்கள், சில ஆசிரியர்களும் சொல்வார்கள். நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை. பல பிள்ளைகள் கணக்குக்கு வருவதற்கு முன்னமே, சமன்பாட்டில் இருக்கும் எழுத்திலேயே தடுக்கி நின்றுவிடுகிறார்கள். காலையில் இரசாயனவியல் வகுப்பில் ஒரு பொருளோடு பார்த்த எழுத்து, பின்னேரம் பௌதிகவியலில் வேறு பொருளோடு வருகிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த எழுத்தை அங்கே வைத்தது யார், எந்தத் துறையில், எந்த மொழியிலிருந்து எடுத்து வைத்தார் என்பதையும் பாடத்தோடு சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும். இது என் உறுதியான கருத்து.

எப்பையே எடுத்துக்கொள்வோம். பௌதிகவியலில் அது விசை. எண்ணுக்குப் பின்னால் வந்தால் பரட், அதாவது கொள்ளளவத்தின் அலகு. ஆவர்த்தன அட்டவணையில் புளோரின். கணிதத்தில் சார்பு. வில்லைப் பாடத்தில் குவியத் தூரம். பழைய காய்ச்சல்மானியில் பரனைற். உயர்தரப் பெறுபேற்றுத் தாளில் சித்தியின்மை.

இதே எழுத்துக்கு எங்கள் மலையோடு நேரடித் தொடர்புள்ள இன்னொரு பொருளும் உண்டு. தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் உருவானது. எந்த உரம் எவ்வளவு பலன் தருகிறது என்று அறிய, தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதித்துப் பார்ப்பார்கள். ஒரு துண்டில் கொழுந்து கூடுதலாக வந்தது உரத்தாலா, அந்த இடத்து மண்ணாலா, வெறும் தற்செயலா? அதைப் பிரித்தறிய ஒரு விகிதம் கணக்கிடப்படும். அதன் பெயரும் எப். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் வேலை செய்த ரொனால்ட் பிஷர்தான் இந்த முறையை உருவாக்கியவர். அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் ஜோர்ஜ் ஸ்நெடெகோர், பிஷரைக் கௌரவித்து அந்த விகிதத்துக்கு எப் என்று பெயரிட்டார். ரொதம்ஸ்டெட்டில் பிஷரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதிய தோமஸ் ஈடன் பிறகு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். தேயிலைச் சோதனைகளில் வரும் வழுவை எப்படி அளப்பது என்று 1931இல் கட்டுரை வெளியிட்டார். அந்தப் புதிய முறை உருவாகிச் சில வருடங்களுக்குள்ளேயே எங்கள் மலைக்கு வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது, பின்வாங்கில் இருக்கிற பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

அந்த மாதிரி உரச் சோதனை அறிக்கைகளில் பெரிய பி என்றால் பொசுபரசு. அதே பக்கத்தில் சின்ன பி வந்தால் அது நிகழ்தகவு. உரத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், கண்ட அளவுக்கு அல்லது அதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகவே வர எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண் அது. 0.05க்குக் கீழே இருந்தால் உரம் வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஸ்டோர்ப் பக்கம் வந்தால் இதே பி பீக்கோ. தமிழில் எழுதும்போது புரோக்கனுக்கும் பீக்கோவுக்கும் ஒரே 'பி' போட வேண்டியிருக்கிறது, அது வேறு சிக்கல்.

உரக் களஞ்சியத்துக்குள் போனால் இந்தப் பி இன்னும் குழப்பும். எம்.ஓ.பி. என்று ஒரு மூட்டை இருக்கும், டி.எஸ்.பி. என்று இன்னொன்று இருக்கும். இரண்டும் பியில் முடிகின்றன. எம்.ஓ.பி.யில் வரும் பி 'பொட்டாஷ்', அதாவது பொற்றாசியம் தரும் உப்பு. டி.எஸ்.பி.யில் வரும் பி 'பொஸ்பேட்', அதாவது பொசுபரசு தரும் உப்பு. செடிக்குள் இரண்டும் செய்யும் வேலை வேறு. கலவை மூட்டையில் 'என், பி, கே' என்று மூன்று எழுத்து வரிசையாக இருக்கும். அங்கே பொற்றாசியம் பியாக வராது, கேயாக வரும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்ட காலத்தில் தேநீர்க் கடையில்கூட இந்த மூன்று எழுத்தைப் பற்றித்தான் பேச்சு. அப்போதும் எம்.ஓ.பி.யின் பியும் கலவை மூட்டையின் பியும் வேறு வேறு என்பதை யாரும் விளக்கிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இன்னொரு விடயமும் மூட்டையில் ஒளிந்திருக்கிறது. எம்.ஓ.பி. மூட்டையில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் அது பொற்றாசியத்தின் அளவு அல்ல, பொற்றாசியம் ஒட்சைட்டாகக் கணக்கிட்ட அளவு. உண்மையில் உள்ளே இருக்கும் பொற்றாசியம் ஏறக்குறைய 50 சதவீதம். 19ஆம் நூற்றாண்டு இரசாயனவியலாளர்கள் சாம்பலை ஆராய்ந்து பெறுபேற்றை ஒட்சைட்டாக எழுதிய பழக்கம் இன்றுவரை உரப் பையில் தொடர்கிறது. மூட்டையில் 'கே' என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, இரசாயனவியல் புத்தகத்தின் கேயைவிடக் கொஞ்சம் வேறானது.

பொற்றாசியத்துக்கு ஏன் கே? பிள்ளைகள் கேட்கும் மிக நியாயமான கேள்வி இது. இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி 1807இல் பொட்டாஷை மின்னால் பகுத்து இந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். ஜெர்மன்காரர்கள் இதைக் 'காலியம்' என்றார்கள். செடிச் சாம்பலைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சுவீடனைச் சேர்ந்த பெர்செலியஸ் 1813, 1814ஆம் ஆண்டுகளில் மூலகங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்தபோது இந்த வழிப் பெயரையே எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னால் டால்டன் வட்டங்களுக்குள் புள்ளியும் கோடும் போட்டு மூலகங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டிமார் அடுப்புச் சாம்பலை வீட்டுத் தோட்டத்து மரக்கறிக்குப் போடுவார்களே, அந்தச் சாம்பலில் செடிக்குப் போகும் முக்கியமான சத்துகளில் ஒன்று இந்தக் கேதான்.

இந்த ஓர் எழுத்தால் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவருக்குச் சிறுநீரக வருத்தம். கிளினிக்கில் எடுத்த இரத்த அறிக்கையில் கே கூடியிருந்தது. "கே கூடின சாப்பாட்டைக் குறைங்க" என்ற அளவில் செய்தி வீட்டுக்கு வந்தது. வீட்டார் போனில் தேடினார்கள். வந்தது விற்றமின் கே பட்டியல். கீரை, வல்லாரை, கோவா எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். உடம்புக்கு நல்லது என்று இளநீரும் வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். அவருடைய பேத்தி என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

"சேர், தாத்தாவுக்குக் கீரையை நிப்பாட்டிட்டோம். ஆனா ரிப்போட்ல கேக்கு மேல சின்னதா ஒரு சக அடையாளம் போட்டிருக்கு. விற்றமினுக்கு ஏற்றம் இருக்குமா?"

அந்தக் கேள்வி எனக்குத் தந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை. மின்னேற்றத்தைக் காட்டும் அந்தச் சக (+) அடையாளத்தையும் அலகையும் பார்த்து அவளே கண்டுபிடித்துவிட்டாள். அறிக்கையில் இருந்தது பொற்றாசியம் அயன், அலகு ஒரு லீற்றருக்கு மில்லிமூல். வழக்கமாக 3.5 இலிருந்து 5 வரைக்கும் இருக்க வேண்டியது. கூடினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். விற்றமின் கேயை மைக்ரோகிராமில் சொல்வார்கள். அது இரத்தம் உறைவதற்குத் தேவையானது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளில் இரத்தக் கசிவை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தார். இரத்த உறைவுக்கு டேனிஷ், ஜெர்மன் மொழிகளில் வழங்கும் சொல் கேயில் தொடங்குவதால் அந்தப் பெயர் வந்தது. 1943ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குளிசை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கே. சிறுநீரக வருத்தக்காரர் கவனிக்க வேண்டியது மற்றக் கே. பேத்தி வீட்டுக்குப் போய் முதலில் இளநீரை நிறுத்தச் சொன்னாள். அடுத்த கிளினிக்கில் தாதியிடம் முழுப் பெயரையும் கேட்டு, சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றை எழுதி வாங்கி வந்தாள்.

கேயின் கதை இதோடு முடியவில்லை. பெரிய கே கெல்வின், வெப்பநிலையின் அலகு. 1967க்குப் பிறகு அதற்குப் பாகைக் குறியும் போடுவதில்லை. சின்ன கே ஆயிரம். விற்சுருளின் மாறிலியும் சின்ன கே. இரசாயனச் சமநிலை மாறிலி பெரிய கே, தாக்கத்தின் வீத மாறிலி சின்ன கே. பொருளியலில் மூலதனம், அதுவும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. சூழலியலில், ஒரு காடோ குளமோ எத்தனை உயிர்களைத் தாங்கும் என்பதன் எல்லை. அடகுக் கடைத் துண்டில் 22 கே என்றால் தங்கத்தின் மாற்று.

உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கே இன்னுமொரு வேடத்தில் வரும். புரதத்தை ஆக்கும் 20 அமினோ அமிலங்களுக்கும் ஓரெழுத்துக் குறியீடு உண்டு. அமெரிக்காவின் மார்கரெட் டேஹொப் வகுத்த முறை. அதில் லைசினுக்குக் கே. எல் ஏற்கனவே லியூசினுக்குப் போய்விட்டதால் பக்கத்து எழுத்து. இதைவிடச் சிக்கலானது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்து. டி.என்.ஏ. வரிசையில் அவை அடினைன், சைட்டோசைன், குவானைன், தைமைன். புரத வரிசையில் அதே நான்கும் அலனைன், சிஸ்டைன், கிளைசின், திரியோனைன். ஒரே பாடம், ஒரே அத்தியாயம்கூட. எழுத்து வரிசையை மட்டும் கொடுத்து இது என்னவென்று கேட்டால், டி.என்.ஏ.யா புரதமா என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஹட்டனில் நான் வகுப்பெடுக்கும் டியூஷன் மண்டபத்தில் எனக்கு முன்னால் வர்த்தகப் பிரிவுக்கு வகுப்பு நடக்கும். ஒரு நாள் கரும்பலகை துடைக்கப்படாமல் இருந்தது. 'ஒய் = சி + ஐ + ஜி' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இது என்னவாக இருக்கும் என்று பௌதிகவியல் பிள்ளைகளிடம் கேட்டேன். சி கொள்ளளவம் என்றான் ஒருவன். ஐ மின்னோட்டம், ஜி ஈர்ப்பு மாறிலி என்றார்கள். "அப்ப இது மூணையும் கூட்டவே ஏலாதே சேர், அலகு ஒத்து வரலையே" என்றாள் இன்னொருத்தி. அன்றைய பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது. வெளியில் போகவிருந்த வர்த்தகப் பிரிவுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னேன். நாட்டின் வருமானம், நுகர்வு, முதலீடு, அரசாங்கச் செலவு என்று தெளிவாகச் சொன்னான். எல்லாமே ரூபாய், அதனால் கூட்டலாம். அவனிடம் பை என்றால் என்னவென்று கேட்டார்கள். இலாபம் என்றான். வகுப்பே ஆச்சரியப்பட்டது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு வில்லியம் ஜோன்ஸ் 1706இல் பை என்ற எழுத்தை வைத்தார், ஓய்லர் அதைப் பரப்பினார். பிறகு இரசாயனவியல் அதே எழுத்தைப் பிணைப்புக்கும் பிரசாரண அமுக்கத்துக்கும் எடுத்துக்கொண்டது, பொருளியல் இலாபத்துக்கு எடுத்துக்கொண்டது.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. இலத்தீன் எழுத்துகள் 26, கிரேக்க எழுத்துகள் 24. பெரிது சிறிது என்று இரட்டித்தாலும் நூறுதான், அதிலும் கிரேக்கப் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேல் இலத்தீனைப் போலவே இருக்கும். அளக்க வேண்டிய கணியங்களோ ஆயிரக்கணக்கில். தெரியாததற்கு எழுத்து வரிசையின் கடைசி எழுத்துகளான எக்ஸ், ஒய், இசட் என்றும் தெரிந்ததற்கு ஏ, பி, சி என்றும் வைக்கும் வழக்கம் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்டிடமிருந்து வந்தது. அவர் அப்படி எழுதியது 1637இல். அப்போது இத்தனை துறைகள் கிடையாது. பிறகு ஒவ்வொரு துறையும் தன் வீட்டுக்குள் இருந்துகொண்டு, தன் மொழியில், தனக்கு வேண்டிய எழுத்தை எடுத்துக்கொண்டது. மின்னோட்டத்துக்கு ஐ வந்தது பிரெஞ்சுக்காரரான அம்பியர் அதன் 'செறிவை' பிரெஞ்சில் குறித்ததால். அணுவெண்ணுக்கு இசட் வந்தது ஜெர்மன் மொழியில் எண் என்பதற்கு இருக்கும் சொல்லால். பக்கத்து வீட்டில் அந்த எழுத்தை என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் அன்றைக்கு இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் போய் வருகிறவர்கள் உயர்தர மாணவர்கள் மட்டும்தான்.

ஓர் எழுத்து பல வேலை செய்வது நமக்கும் பழக்கமானதுதான். தாளின் தலையில் 'உ' போட்டால் பிள்ளையார் சுழி. பழைய தமிழ்க் கணக்கில் அதே வடிவம் இரண்டு. பழைய கணக்கேட்டைப் பார்க்கிற எவரும் பிள்ளையாரையும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், எங்கே எழுதியிருக்கிறது என்பது தெரிந்தால் போதும். ஆங்கில, கிரேக்க எழுத்துகளில் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் தானாக வராது, நாம்தான் கொடுக்க வேண்டும்.

இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளையின் நிலைமையைப் பாருங்கள். சிக்கலெண் பாடத்தில் ஐ என்றால் மறை ஒன்றின் (−1) வர்க்கமூலம். அதே வினாத்தாளில், திசையும் அளவும் உள்ள கணியங்களான காவிகளின் பாடத்தில் ஐ என்றால் ஒரு திசையின் அலகுக் காவி. பௌதிகவியலுக்கு வந்தால் மின்னோட்டம், ஒளியியலில் படுகோணம். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பொறியியல் படித்தால், மின்னியல் விரிவுரையில் மறை ஒன்றின் வர்க்கமூலத்தை ஜே என்று எழுதுவார்கள், ஐயை மின்னோட்டத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டதால். ஆனால் ஜே அவருக்கு ஏற்கனவே இரண்டாவது அலகுக் காவி. எங்களிடம் படித்து அங்கே போன பிள்ளைகள் முதல் வருடத்தில் கேட்கும் கேள்விகளில் இது நிச்சயம் இருக்கும். பதில் ஒரு நிமிடப் பதில்தான். யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இசட் பற்றி இலங்கையில் தனியாகவே எழுதலாம். பெறுபேறு வரும் காலத்தில் லயத்து அம்மாமார்கூட "இசட் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதி இந்த எண்ணில் தங்கியிருக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை, அதாவது சராசரியை, கழித்து, புள்ளிகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் நியம விலகலால் வகுத்தால் கிடைப்பது அது. கடினமான பாடத்தில் எடுத்த 60ஐயும் இலகுவான பாடத்தில் எடுத்த 60ஐயும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதற்காக வந்த முறை. மூன்று பாடத்தின் சராசரி நான்கு தசம தானத்துக்கு வெளிவரும். நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியின் ஒவ்வொரு தசம தானமும் முக்கியம். தன் வாழ்க்கையையே தீர்மானிக்கிற இந்த எழுத்து எங்கிருந்து வந்தது, கழித்தும் வகுத்தும் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு பிள்ளை பரீட்சை எழுதுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. அதே பிள்ளை சிக்கலெண்ணுக்கு இசட் எழுதுகிறது, நிறைவெண்களின் கூட்டத்துக்கு இசட் எழுதுகிறது, அணுவெண்ணுக்கு இசட் எழுதுகிறது. அணுவெண் என்பது வெறும் வரிசை எண் அல்ல, கருவின் ஏற்றத்தோடு தொடர்புடையது என்று மோஸ்லி 1913இல் எக்ஸ் கதிர்களை வைத்துக் காட்டினார்.

அச்சில் இந்தக் குழப்பத்தைக் குறைக்க ஓர் ஒழுங்கு உண்டு. கணியத்தின் குறியீடு சாய்ந்த எழுத்தில், அலகின் குறியீடு நேர் எழுத்தில், காவி தடித்த எழுத்தில். சாய்ந்த எம் திணிவு, நேரான எம் மீற்றர். மழையை அளக்கும் மில்லிமீற்றரைச் சுருக்கினால் இரண்டு எம் வரும், முன்னது ஆயிரத்தில் ஒன்று, பின்னது மீற்றர். நல்ல பாடப்புத்தகத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரும்பலகையில் பார்க்க முடியாது. வெண்கட்டியால் யாரும் சாய்வாகவும் தடிப்பாகவும் எழுதுவதில்லை. டியூஷன் வகுப்பில் கொடுக்கும் டியூட் தாள்களில் எல்லாமே நேராகத்தான் இருக்கும், அதையும் பிரதிக்கு மேல் பிரதி எடுத்து மங்கலாக. அச்சு வாயில்லாமல் சொல்லும் ஒரு செய்தியை எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியர்தான் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. சமன்பாட்டை எழுதியதும் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதன் பெயரையும் அலகையும் எழுதச் சொல்கிறேன். நேரம் போகிறது என்று சில பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். விட்டுக்கொடுப்பதில்லை.

இந்தப் பழக்கம் பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல என்பதைக் காட்ட எப்போதும் ஒரு சமன்பாட்டை எழுதுவேன். மலைச்சரிவு வழுக்காமல் தாங்கும் வலிமையைச் சொல்லும் சமன்பாடு:

வலிமை = சி + (சிக்மா − யூ) × டான் ஃபை

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் எல்லா எழுத்தும் தெரியும், ஆனால் எதுவும் இங்கே அவர்கள் நினைக்கும் பொருளில் இல்லை. சி என்றதும் ஒளியின் வேகம் என்பார்கள், செறிவு என்பார்கள். இங்கே அது மண் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்து நிற்கும் தன்மை. சிக்மா என்றால் நியம விலகல் என்பார்கள், பிணைப்பு என்பார்கள். இங்கே வழுக்கும் தளத்தை மேலேயுள்ள மண்ணின் பாரம் செங்குத்தாக அழுத்தும் தகைப்பு. யூ என்றால் எல்லோரும் ஒரே குரலில் தொடக்க வேகம். இங்கே மண் இடுக்குகளில் நிரம்பியிருக்கும் நீரின் அமுக்கம். ஃபை என்றால் காந்தப் பாயம். இங்கே மண்ணின் உராய்வுக் கோணம். அதே உராய்வுக் கோணத்தை இணைந்த கணிதத்தில் லாம்டா என்று படித்திருப்பார்கள், பௌதிகவியலில் லாம்டா அலைநீளம். ஒரு எழுத்துக்குப் பல பொருள் இருப்பதுபோல ஒரு பொருளுக்குப் பல எழுத்தும் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சமன்பாட்டின் அடிப்படையைத் தந்தவர் கூலோம். மின்னேற்றத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே கூலோம்தான். இராணுவப் பொறியியலாளரான அவர் மார்டினிக் தீவில் பல வருடம் கோட்டை கட்டும் வேலையில் இருந்தார். மண்ணும் மதிலும் எப்படி நிற்கின்றன, எப்படி விழுகின்றன என்று அங்கே கற்றதை 1773இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் சமர்ப்பித்தார். ஏற்றங்களின் விசை பற்றிய விதி 1785இல்தான் வந்தது. நீரின் அமுக்கத்தைத் தகைப்பிலிருந்து கழிக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கியவர் கார்ல் டெர்சாகி, அது 1920களில்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. விடாத மழையில் மண்ணுக்குள் நீர் ஏறுகிறது, யூ கூடுகிறது. அடைப்புக்குள் சிக்மாவிலிருந்து கழிபடும் அளவு கூடுவதால் முழு வலிமையும் இறங்குகிறது. மண் மாறவில்லை, சரிவின் கோணம் மாறவில்லை, நீர் மட்டும் கூடியிருக்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைப் பார்த்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுவதற்குப் பின்னால் இருப்பதும் இந்த யூதான். அதைத் தொடக்க வேகம் என்று வாசிக்கும் பிள்ளைக்கு எச்சரிக்கையின் காரணம் புரியாது.

இந்த வருடம் இதை எழுதி முடித்ததும் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்தான். "அப்ப யூவைக் குறைக்கிறதுக்கு ஏதும் செய்யலாமா சேர்?" என்று கேட்டான். அவனுடைய அப்பா தோட்டத்தில் கான், அதாவது வடிகால், வெட்டும் வேலை செய்பவர். மலையில் குறுக்காகவும் சரிவாகவும் கான் வெட்டி மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடாமல் வெளியே எடுப்பது யூவைக் குறைக்கும் வேலை என்று சொன்னேன். வரும் மாதங்களில் அவனுடைய தோட்டத்துக்குப் போய், எந்தெந்தக் கான் தூர்ந்து கிடக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கும் ஒரு செயற்றிட்டத்தை வகுப்புக்குக் கொடுத்திருக்கிறேன். சரிவுக்கு மேலே இருக்கும் கான்களை முதலில் பார்ப்பதென்று பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள்.